நூலும் சந்தையும்: இணையவழிச் சுயவெளியீட்டுப் புனைகதை – ஒரு வரலாற்று நோக்கு

இலக்கிய வரலாறு எழுதுவோர் ஆசிரியனைப் பற்றியும் நூலைப் பற்றியும் விரிவாக எழுதுவர். அந்நூல் எவ்வழியே வாசகன் கைக்கு வந்தது, அவ்வழியில் யார் யார் சுங்கம் அறவிட்டனர் என்பன பெரும்பாலும் அடிக்குறிப்புக்களாகவே நின்றுவிடுகின்றன. நாவல் என்னும் வடிவத்தைப் பொறுத்தவரையில் இது பெருங்குறையாகும். பாட்டும் கூத்தும் புரவலனை நம்பி வாழ்ந்த காலம் உண்டு. நாவலோ தொடக்கம் முதலே முன்பின் அறியாத வாசகனின் பணப்பையை நம்பி வாழ்ந்தது. எனவே அச்சகமும் கடையுமின்றி ஆசிரியன் வாசகனை நேரே அடையலாம் என்ற நிலையை இணையம் ஏற்படுத்தியபோது, நாவலின் பொருளியல் அடித்தளமே அசைந்தது எனலாம். 2000ஆம் ஆண்டு தொடக்கம் ஏறத்தாழக் கால் நூற்றாண்டாக, எழுத்தாளர் தம் கதைகளைத் தாமே வெளியிட்டு இணையத்தில் விற்பதற்குச் செய்த பரிசோதனைகள் பல. அவை யாவற்றுக்கும் அடியில் ஒரே வினா கிடக்கின்றது: இடைத்தரகன் உண்மையில் நீங்கினானா, அன்றி வேறு வேடம் புனைந்து வந்தானா?

இவ்வினா இணையத்தோடு பிறந்ததன்று. 1843ஆம் ஆண்டின் இறுதியிலே சார்ள்ஸ் டிக்கன்ஸ் தம் 'கிறிஸ்மஸ் கரோல்' என்னும் சிறு நூலைத் தம் சொந்தச் செலவிலேயே வெளியிட்டார். சப்மன் அன்ட் ஹோல் நிறுவனத்தார் அதனைத் தரகுக்கு விற்றுக் கொடுத்தனரேயன்றி முதல் போட்டவர் டிக்கன்ஸே. பொன்விளிம்பு, வண்ணப்படங்கள், நல்ல கட்டு என்று அவர் ஒன்றிலும் குறைவைக்கவில்லை; விலையை மட்டும் 5 ஷில்லிங்காகத் தாழ்த்தி வைத்தார். டிசெம்பர் 19ஆந் தேதி வெளிவந்த 6,000 பிரதிகளும் நத்தார்க்கு முதல் நாளுக்குள் விற்று முடிந்தன. ஆயிரம் பவுண் எதிர்பார்த்திருந்த ஆசிரியருக்கு அவ்விற்பனையால் கிடைத்தது 230 பவுண் மட்டுமே. அடுத்த மாதமே நூலைத் திருடிச் சுருக்கி வெளியிட்ட ஒரு பத்திரிகைமீது வழக்குத் தொடுத்து வென்றார். ஆனால் எதிரிகள் வங்குரோத்து அடைந்தமையால் ஏறத்தாழ 700 பவுண் வழக்குச் செலவும் அவர் தலையிலேயே விழுந்தது. உற்பத்திச் செலவு, விலை நிர்ணயம், களவுப்பதிப்பு ஆகிய மூன்றும் சுயவெளியீட்டாளனை அன்றே சூழ்ந்திருந்தன என்பது மனங்கொள்ளத்தக்கது.

இவற்றுள் முதலாவதை இணையம் ஏறக்குறைய இல்லாமலாக்கிவிட்டது. ஒரு பிரதியைச் செய்வதற்கும் பத்தாயிரம் பிரதிகளைச் செய்வதற்குமிடையே செலவு வேறுபாடு அற்றுப்போயிற்று. ஆனால் ஆக்குவது எளிதானபோது அறியப்படுவது அரிதாயிற்று. ஆயிரம் நூல்கள் உள்ள கடையில் ஒரு நூல் கண்ணிற் படலாம். இலட்சக்கணக்கான நூல்கள் உள்ள கடையில் அது எவ்வாறு படும்? களவுப்பதிப்பைவிட யாரும் அறியாதிருத்தலே எழுத்தாளருக்குப் பெரிய ஆபத்து என்று பதிப்பாளரான ரிம் ஓ ரைலி 2002ஆம் ஆண்டில் வாதிட்டமை இந்நிலையைக் கருதியேயாம்.

முதற் பெரும் பரிசோதனையைச் செய்தவர் அறியப்படாத எழுத்தாளரல்லர். உலகப் புகழ் பெற்றிருந்த ஸ்டீபன் கிங். 1999 யூனில் வாகனமொன்று மோதிப் படுகாயமுற்ற அவர், குணமாகிவரும் காலத்தில் எழுதிய 'ரைடிங் த புல்லற்' என்ற நெடுங்கதை 2000 மார்ச்சில் மின்னூலாக மட்டும் வெளிவந்தது. இதனை வெளியிட்டது சைமன் அன்ட் சூஸ்ரர் என்ற பெரும் பதிப்பகம். விலை இரண்டரை டொலர். முதல் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் 4 இலட்சத்துக்கு மேற்பட்ட பிரதிகள் கோரப்பட்டன. சில இணையக் கடைகள் அதனை இலவசமாகவே வழங்கியமையும் இத்தொகைக்கு ஒரு காரணம். இவ்வரவேற்பைக் கண்ட கிங், பதிப்பகத்தையே விலக்கிவிட்டு அடுத்த அடியை எடுத்துவைத்தார்.

'த பிளான்ற்' என்பது அவர் 1980களின் முற்பகுதியில் எழுதத் தொடங்கி, தமது சொந்தச் சிறு பதிப்பகமான பில்ற்றம் பிறஸ் மூலம் அச்சிட்டு, நத்தார் அன்பளிப்பாக நண்பர்க்கு அனுப்பிவந்து, இடையிலே கைவிட்ட கதை. நலிந்துகொண்டிருக்கும் பதிப்பகமொன்றுக்கு ஒரு கொடி வந்து சேர்கின்றது. அது வளம் தருகின்றது. விலையாக மனித உயிரைக் கேட்கின்றது. பதிப்பகங்களுக்கு எதிரான கலகத்துக்கு இத்தகைய கதையைத் தேர்ந்தமை தற்செயலாயினும் பொருத்தமே. 2000 யூலை தொடக்கம் இதனைத் தம் இணையத்தளத்தில் பகுதி பகுதியாக அவர் வெளியிட்டார். பூட்டில்லை, காவலில்லை. இறக்கிக்கொள்பவர் பகுதிக்கு ஒரு டொலர் மனச்சாட்சிப்படி செலுத்தவேண்டும். இறக்கியோருள் நூற்றுக்கு 75 பேரேனும் செலுத்தினாற்றான் கதை தொடரும் என்பது நிபந்தனை.

முதற் பகுதிக்கு நூற்றுக்கு 75க்கு மேற்பட்டோர் செலுத்தினர். இரண்டாவதில் இத்தொகை 70 ஆகக் குறைந்து, மூன்றாவதில் மீண்டும் 75ஐ எட்டியது. நான்காம் பகுதியை இரு மடங்கு நீளமாக்கி, விலையையும் 2 டொலராக்கினார் கிங். செலுத்தியோர் நூற்றுக்கு 46 ஆக வீழ்ந்தனர். இறக்கியோரின் மொத்தத் தொகையும் சுருங்கியது. ஆறாம் பகுதி 2000 டிசெம்பரில் இலவசமாக வெளிவந்தது. அத்துடன் கதை நின்றது; அது முடிக்கப்படவேயில்லை.

இதனைத் தோல்வி என்றே அக்காலப் பத்திரிகைகள் பல எழுதின. ஆனால் கணக்கு வேறு விதமாகப் பேசுகின்றது. செலவு போக இப்பரிசோதனையால் கிங்குக்கு எஞ்சிய இலாபம் 4 இலட்சத்து 63 ஆயிரம் டொலருக்கு மேல். அரைகுறையாக நின்ற ஒரு கதைக்கு, எந்தக் கடையிலும் ஒரு பிரதியேனும் வைக்கப்படாத ஒரு கதைக்கு, கிடைத்த தொகை இது. பதிப்பகத்துக்குச் செலவை மீட்பதே வினா. கிங் வகுத்ததோ ஓர் ஒழுக்க உடன்படிக்கை. நூற்றுக்கு 75 என்பது பொருளியலால் வந்த எல்லையன்று. நூற்றுக்கு 46 பேர் செலுத்தியபோதும் இலாபம் வந்தது. எனவே முறிந்தது விற்பனையன்று, ஆசிரியன் வாசகன்மீது வைத்த நம்பிக்கையே எனல் பொருந்தும். மற்றொன்றும் நோக்கத்தக்கது. கிங் பதிப்பகத்தை நீக்கினார். ஆயினும் பதிப்பகங்கள் கால் நூற்றாண்டாகத் தேடித்தந்த பெயரை அவர் நீக்கவில்லை. பெயரற்றவனுக்கு இவ்வழி பயன்படுமா என்பதற்கு 'த பிளான்ற்' விடை தரவில்லை.

கிங் விட்ட இடத்தை நிரப்பியது அமெரிக்காவன்று, சீனம். 2002இல் தொடங்கப்பெற்ற சிடியன் என்னும் இணையத்தளம் 2003 ஒக்ரோபரில் அத்தியாயத்துக்குக் கட்டணம் என்ற முறையை அறிமுகப்படுத்தியது. தொடக்க அத்தியாயங்கள் இலவசம். கதை சூடுபிடித்த பின்னர் ஆயிரம் எழுத்துக்கு இரண்டு மூன்று சீனச் சதம் வீதம் கட்டணம். கிங்கின் முறையும் இதுவும் புறத்தோற்றத்தில் ஒன்றுபோலக் காணப்படினும், இயக்கத்தில் நேரெதிரானவை. அங்கே வாசகனின் நாணயம் முதலீடு. இங்கே அவனது ஆவல் முதலீடு. கட்டணம் உணரமுடியாத அளவுக்குச் சிறியதாகையால் அதனைத் தவிர்ப்பதற்கு முயல்வதே வீண்வேலையாயிற்று. ஆனால் எழுத்தெண்ணிக் கூலி வழங்கப்பட்டமையால் கதைகள் நீண்டன. பத்து இலட்சம் எழுத்துக்களைத் தாண்டும் நாவல்கள் வழமையாயின. ஒரு நாள் எழுதாவிடின் வாசகர் விலகிப்போவர் என்ற அச்சம் ஆசிரியனை நாட்கூலியாளனாக்கிற்று. இத்தொழிலை அடித்தளமாகக் கொண்டெழுந்த யுவெவன் குழுமம் 2017 நவெம்பரில் ஹொங்கொங் பங்குச் சந்தையில் இடம்பெற்றது. எழுதினோருள் எத்தனை பேர் அச்செல்வத்திற் பங்கு பெற்றனர் என்பது வேறு விடயம்.

இதே காலத்தில் மேற்கிலே சிலர் இலவசத்தையே தூண்டிலாகப் பயன்படுத்தினர். கொறி டொக்ரரோ 2003இல் தம் முதல் நாவலை அச்சு நூலாகப் பதிப்பகம் விற்ற அதே வேளையில், எவரும் பிரதி செய்யத்தக்க உரிமத்தோடு இணையத்திலும் வைத்தார். பதிப்பாளர் கிடைக்காதிருந்த ஸ்கொற் சிக்லர் 2005 தொடக்கம் தம் நாவல்களைத் தாமே வாசித்து ஒலிப்பதிவாக வாராவாரம் இலவசமாக வழங்கினார். 2007 ஏப்ரில் முதலாந் தேதி அவரது நூலொன்று சிறு பதிப்பகம் மூலம் வெளிவந்தபோது, கேட்டுவந்தோர் யாவரும் அந்த ஒரே நாளில் அதனை அமேசனில் வாங்கவேண்டுமென வேண்டிக்கொண்டார். நூல் விற்பனைப் பட்டியலில் மேலேறியது. பெரும் பதிப்பகமும் தேடிவந்தது. பட்டியல் என்பது வாசகரின் விருப்பத்தைக் காட்டும் கண்ணாடி மட்டுமன்று, வாசகரை ஈர்க்கும் விளம்பரப் பலகையுமாகும் என்பதைச் சுயவெளியீட்டாளர் இவ்வாறு அறிந்துகொண்டனர்.

2007 நவெம்பர் 19ஆந் தேதி அமேசன் நிறுவனம் கிண்டில் என்னும் வாசிப்புக் கருவியை 399 டொலர் விலையில் வெளியிட்டது. அதனோடு, எவரும் தம் நூலைத் தாமே ஏற்றி விற்கத்தக்க ஒரு வாயிலையும் திறந்தது. கருவியைப் பற்றியே அன்று யாவரும் பேசினர். வரலாற்றில் ஆழமாகத் தடம் பதித்தது அவ்வாயிலே. தொடக்கத்தில் ஆசிரியனுக்குரிய பங்கு நூற்றுக்கு 35. 2010 யூன் இறுதியில், 2 டொலர் 99 சதத்துக்கும் 9 டொலர் 99 சதத்துக்கும் இடையே விலை குறிக்கப்பட்ட நூல்களுக்கு அது நூற்றுக்கு 70 ஆக உயர்த்தப்பட்டது. அப்பிள் நிறுவனம் ஐபாட் கருவியோடு நூற்சந்தையில் நுழைந்த ஆண்டு அது என்பதை நினைவிற் கொண்டால், இத்தாராளத்தின் காரணம் விளங்கும்.

இவ்விரு விகிதங்களுக்குமிடையே ஒரு விலைக் கணிதம் பிறந்தது. 99 சதத்துக்கு விற்கும் நூலால் ஆசிரியனுக்கு 35 சதமளவே கிடைக்கும். 2 டொலர் 99 சதத்துக்கு விற்பதால் இரண்டு டொலருக்குச் சற்று மேல் கிடைக்கும். முன்னதில் ஆறு பிரதி விற்றாற்றான் பின்னதில் ஒரு பிரதிக்கு ஈடாகும். அப்படியாயின் 99 சதத்துக்கு விற்பது மடமையன்றோ? அன்று என்பதை நிறுவியவர் அமண்டா ஹொக்கிங்.

மினசோற்றா மாநிலத்தின் ஒஸ்ரின் என்ற சிற்றூரில் உடல், உள ஊனமுற்றோரைப் பராமரிக்கும் இல்லமொன்றில் வேலைபார்த்து, இரவிலே எழுதிவந்தவர் ஹொக்கிங். பல பதிப்பகங்களும் முகவர்களும் அவரது கையெழுத்துப்படிகளைத் திருப்பியனுப்பியிருந்தனர். சிக்காகோவில் நடைபெறவிருந்த ஒரு பாவைக் கண்காட்சியைப் பார்ப்பதற்குப் பயணச்செலவாக 300 டொலர் வேண்டியிருந்தது. அதனைத் திரட்டவே 2010 ஏப்ரிலில் தம் நூல்களை இணையத்தில் ஏற்றினார். தொடர்நாவலின் முதல் நூலுக்கு 99 சதம், அடுத்தவற்றுக்கு 2 டொலர் 99 சதம் என்பது அவர் கைக்கொண்ட முறை. முதல் நூல் விற்பனைப் பொருளன்று, வாயிற்படி. இளைஞர் கதைகளை விமர்சித்து இணையத்தில் எழுதிவந்த வாசகர் பலருக்குப் பிரதிகள் அனுப்பினார். அவர்களே அவரது விளம்பரக்காரராயினர். ஓராண்டு கழியுமுன் விற்பனை பத்து இலட்சத்தை நெருங்கியது. 2011 மார்ச்சில் சென்ற் மார்ட்டின்ஸ் பதிப்பகம் நான்கு நூல்களுக்கு 20 இலட்சம் டொலருக்கு மேல் வழங்க உடன்பட்டது.

சுயவெளியீட்டின் வெற்றிச் சின்னமாகக் கருதப்பட்டவரே பதிப்பகத்தை நாடியது ஏன்? எழுதுவதே தம் தொழிலாயிருக்கவேண்டும்; கடிதங்களுக்குப் பதிலிறுப்பதும் அட்டை அமைப்பதும் பிழைதிருத்துவோரைத் தேடுவதுமாக வாரம் நாற்பது மணி நேரத்தைக் கழிக்க விருப்பமில்லை என்பதே அவர் தந்த விளக்கம். இடைத்தரகன் நீங்கியபோது அவனது பங்கு மட்டுமன்றி அவனது வேலையும் ஆசிரியனிடம் வந்து சேர்ந்தது என்ற உண்மையை இதனைவிடத் தெளிவாக உரைத்தவர் இலர். யாழ்ப்பாணத் தெருக்களிலே 'மல்லிகை' இதழைத் தாமே சுமந்து விற்ற டொமினிக் ஜீவாவை அறிந்தோர்க்கு இவ்வுண்மை புதியதன்று.

தத்துவஞானி ஜோன் லொக்கின் பெயரையே கொண்ட அமெரிக்க வணிகர் ஒருவர் இச்சந்தையின் மறுபக்கத்தைக் காட்டினார். தம் துப்பறியும் கதைகள் யாவற்றையும் 99 சதத்துக்கே விற்று, 2011 யூனில், கிண்டிலில் பத்து இலட்சம் பிரதிகள் விற்ற முதற் சுயவெளியீட்டாளர் என்ற பெயரை அவர் பெற்றார். அவ்வெற்றியின் இரகசியம் பற்றித் தனி நூலொன்றும் எழுதினார். அந்நூலிற் சொல்லப்படாத ஒரு செய்தியை நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகை 2012 ஓகஸ்ரில் வெளியிட்டது: பணம் கொடுத்து வாங்கிய நூற்றுக்கணக்கான வாசகர் விமர்சனங்களும் அவ்விற்பனைக்குத் துணைநின்றிருந்தன. பதிப்பாளனின் தேர்வு இல்லாத இடத்தில் வாசகனின் சான்றே தரத்துக்கு அளவுகோல் என்று நம்பப்பட்டது. அச்சான்றும் விலைக்கு வாங்கத்தக்கதாயிற்று.

இவ்விருவரைவிட அதிக சிந்தனைக்குரியவர் ஹியூ ஹௌவி. அவர் 2011 யூலையில் 'வுல்' என்ற கதையை 99 சதத்துக்கு ஏற்றிவைத்து, அதனைப் பற்றி ஏதும் விளம்பரம் செய்யாதிருந்தார். வாசகர் தொடர்ச்சி கேட்டனர், எழுதினார். ஐந்து பகுதிகளும் 2012 சனவரியில் ஒரே தொகுதியாயின. பதிப்பகங்கள் பெருந்தொகையுடன் வந்தபோது அவர் அவற்றை மறுத்து, இறுதியில் அச்சுரிமையை மட்டும் சைமன் அன்ட் சூஸ்ரருக்குக் கொடுத்து மின்னூல் உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். அக்காலத்தில் இத்தகைய உடன்படிக்கை மிக அரிது. அன்டி வீயர் தம் 'த மார்ஷன்' நாவலை முதலிற் சொந்த இணையத்தளத்தில் இலவசமாகவே அத்தியாயம் அத்தியாயமாக எழுதினார். அறிவியற் பிழைகளை வாசகர்களே திருத்திக் கொடுத்தனர். கிண்டிலில் படிக்கவேண்டுமென அவர்கள் கேட்டமையால், அனுமதிக்கப்பட்ட மிகக் குறைந்த விலையான 99 சதத்துக்கு அதனை 2011இல் ஏற்றினார். மூன்று மாதத்தில் 35,000 பிரதி விற்றது. 2014இல் பெரும் பதிப்பகத்தின் அச்சுநூல், 2015இல் திரைப்படம். இலவசமாகக் கிடைத்த நூலுக்கு வாசகர் பணம் கொடுத்தனர் என்பது வியப்பன்று. அவர்கள் வாங்கியது கதையையன்று, வசதியையும் கடையின் பட்டியலில் அதற்கு ஓர் இடத்தையுமே.

ஆனால் பட்டியல் யாருடையது? 2009 யூலையிலேயே இதற்கு விடை கிடைத்திருந்தது. உரிமையற்ற ஒருவர் ஏற்றிய ஜோர்ஜ் ஓர்வெல்லின் நூல்களை, பணம் கொடுத்து வாங்கியோரின் கருவிகளிலிருந்தே அமேசன் தொலைவிலிருந்து அழித்தது. பின்னர் அந்நிறுவனம் மன்னிப்புக் கேட்டது உண்மையே. அதற்கு அந்த ஆற்றல் உண்டு என்பதும் உண்மையே.

2011 டிசெம்பரில் அமேசன் புதியதொரு திட்டத்தை வகுத்தது. தொண்ணூறு நாளுக்கு வேறெங்கும் மின்னூலை விற்பதில்லை என ஒப்புக்கொள்ளும் ஆசிரியன் ஐந்து நாள் நூலை இலவசமாக வழங்கலாம். அன்று இரவல் நிதியிலும் பங்கு பெறக்கூடியதாயிருந்தது. 2014 யூலையில், மாதம் 9 டொலர் 99 சதம் செலுத்துவோர் விரும்பியவாறு படிக்கத்தக்க கிண்டில் அன்லிமிட்டட் வந்தது. இங்கு ஆசிரியன் தன் நூலுக்கு விலை குறிப்பதில்லை. மாதந்தோறும் நிறுவனம் ஒரு நிதியை ஒதுக்கும். அதனை யாவரும் பகிர்ந்துகொள்வர். முதலில், நூலில் பத்தில் ஒரு பகுதியை வாசகன் தாண்டினால் ஒரு பங்கு என்பது விதி. சில பக்கங்களே கொண்ட நூல்கள் பெருகின. 2015 யூலையில் விதி மாற்றப்பட்டு, படிக்கப்பட்ட பக்கத்துக்கு இவ்வளவு என்றாயிற்று. ஒரு பக்கத்துக்குக் கிடைத்தது அரைச் சதத்துக்கும் சற்றுக் குறைவு. உடனே நூல்கள் தடித்தன. பழைய கதைகளையே பின்னிணைப்பாக அடைத்துப் பக்கம் பெருக்கியோரும் தோன்றினர். சீனத்தில் எழுத்துக் கணக்கு செய்த வேலையை இங்கே பக்கக் கணக்கு செய்தது. கூலி கணக்கிடப்படும் முறை கலையின் வடிவத்தை எவ்வாறு நிர்ணயிக்கின்றது என்பதை ஆராய விரும்புவோர்க்கு இவ்விரண்டைவிடச் சிறந்த சான்று கிடைத்தல் அரிது. வரலாற்று நோக்கில் முக்கியமானது பிறிதொன்று: 2010இல் விலை குறிக்கும் உரிமையே சுயவெளியீட்டாளனின் பெருமையாயிருந்தது, ஐந்து ஆண்டுகளுள், இலட்சக்கணக்கான நூல்களைப் பொறுத்தவரை, அவ்வுரிமை தானே விரும்பி ஒப்படைக்கப்பட்டுவிட்டது.

தமிழ் நூல்களுக்குக் கிண்டிலின் வாயில் 2016 டிசெம்பரிலேயே, வேறு நான்கு இந்திய மொழிகளோடு சேர்ந்து, முறைப்படி திறந்தது. ஆங்கிலத்தில் விலை உரிமைக்கான பரிசோதனைகள் பெரும்பாலும் முடிந்த பின்னரே தமிழ் எழுத்தாளர் அச்சந்தையினுட் புகுந்தனர் என்பதைக் காலவரிசை காட்டுகின்றது.

நிறுவனத்தின் பிடியிலிருந்து விலகுவதற்கு வழியே இல்லையென்று கொள்ளலாகாது. 2022 மார்ச்சில் பிரண்டன் சண்டர்சன், பெருந்தொற்றுக் காலத்தில் எவருக்கும் சொல்லாமல் எழுதிய நான்கு நாவல்களுக்குக் கிக்ஸ்ராட்டர் என்னும் தளத்தில் வாசகரிடம் முன்பணம் கேட்டார். ஒரு மாதத்துள் 1 இலட்சத்து 85 ஆயிரம் பேருக்கு மேற்பட்டோர் 4 கோடியே 17 இலட்சம் டொலர் வழங்கினர். முன்பணக் கையொப்பம் பெற்று நூல் வெளியிடும் முறை ஐரோப்பாவில் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே வழங்கியது. புதியது அதன் அளவே. ஆனால் கிங்கைப் பற்றிச் சொன்னது சண்டர்சனுக்கும் பொருந்தும். அவ்வாசகரை அவர் ஒரு மாதத்தில் தேடிக்கொள்ளவில்லை. பதிப்பகங்களின் துணையோடு பதினேழு ஆண்டுகள் தேடியிருந்தார்.

பெயரற்ற ஆசிரியனின் நிலை இதே காலத்தில் மேலும் இடுங்கியது. ஒரு நூலின் பக்கத்தில் மற்றொரு நூலைக் காட்டுவதற்கு அதன் ஆசிரியனே கடைக்குப் பணம் செலுத்தும் விளம்பர முறை வளர்ந்தது. ஒரு காலத்தில் பதிப்பகம் நூற்கடை முகப்புக்குச் செலுத்திய வாடகையே இது. செயற்கை நுண்ணறிவுப் பொறிகள் கதை எழுதத் தொடங்கியதும் நூல்கள் வந்து குவிந்தன. 2023 செப்டெம்பரில் அமேசன் இரண்டு விதிகளை விதித்தது: பொறியினால் ஆக்கப்பட்டதாயின் அதனை நிறுவனத்துக்கு அறிவிக்கவேண்டும்; ஒருவர் ஒரு நாளில் மூன்றுக்கு மேற்பட்ட புதிய நூல்களை ஏற்றலாகாது.